திருநீறு இல்லாத நெற்றி

கண்ட்ரோல் ரூம் கதவு பூட்டிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் வெளியே. எதிரி உள்ளே. நடந்த தப்பு இவ்வளவுதான். இதற்குத்தான் ஊரில் கண்ணு காது மூக்கு வைத்துப் பேசுகிறார்கள்.

பஸ் ஜன்னலை மூடுங்கள் தம்பி, தூறல் அடிக்கிறது. காற்றாடிகளைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டீர்கள். காற்று ஓட்டுகிறது. நிறுத்துவது நாங்கள். அதோ, முள்கம்பி வேலிக்குள் ஒரு வெள்ளைக் கட்டடம் தெரிகிறதா? அதுதான் எங்கள் சப்ஸ்டேஷன். இந்தப் பொட்டல் முழுக்க நிற்கும் காற்றாடிகளின் மின்சாரம் அங்கே வந்து சேர்ந்து, அங்கிருந்துதான் பெரிய லைனுக்குப் போகிறது. நான் அங்கே கண்ட்ரோல் ரூம் பொறுப்பு. பெயர் ஆவுடையப்பன். அண்ணாச்சி என்பார்கள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

எனக்கு ஓய்வு வயது எப்போதோ தாண்டிவிட்டது. வருஷா வருஷம் முதலாளி பார்த்து நீட்டிக்கொடுப்பார். போன வருஷம் சென்னையிலிருந்து போன் போட்டார்.

"அண்ணாச்சி, ஒரு ஒத்திகை வைக்கப்போறோம். அதுல உங்க கண்ட்ரோல் ரூம் தேறிட்டா இன்னும் ஒரு வருஷம் இருங்க. இல்லன்னா வீட்டுல ஓய்வா இருங்க."

வீட்டில் ஓய்வா? என் சம்சாரம் அன்றே கோயிலுக்குப் போய்ச் சுடலைச் சாமிக்கு நேர்ந்துகொண்டாள், எனக்கு வேலை நீடிக்க வேண்டும் என்று. அவ்வளவு பாசம். நான் பகலில் வீட்டில் இருப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஒத்திகைக்கு வந்தவர் பெயர் நவநீதன். சென்னையில் இதற்கென்றே ஒரு கம்பெனி வைத்திருக்கிறார். மின்சாரக் கம்பெனிகளுக்குப் போய், நாசவேலைக்காரன் வந்தால் என்ன செய்ய வேண்டும், கம்ப்யூட்டருக்குள் எவனாவது புகுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் நடத்துவதுதான் தொழில். இப்படியும் ஒரு தொழில். சுவரில் படம் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க சீனியர். சொல்லுங்க. இந்த ஸ்டேஷனுக்குப் பெரிய ஆபத்து எது?"

"மரநாய்" என்றேன்.

பையன்கள் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? டிரான்ஸ்பார்மரில் ஏறும். தானும் சாகும், நம்மையும் சாகடிக்கும்.

"அது தெரியாம வர்ற ஆபத்துங்கய்யா. நான் கேக்கிறது தெரிஞ்சே வர்றவனை."

"மரநாய் தெரியாம வருதுன்னு உம்மகிட்ட யாரு சொன்னா?"

அதற்கு அவரிடம் படம் இல்லை. அடுத்ததற்குப் போய்விட்டார். கண்ட்ரோல் ரூமில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்க வேண்டுமாம். தெரியாதவனிடம் வாயைத் திறக்கக் கூடாதாம். தெரியாத இடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் தொடக் கூடாதாம். எனக்கே வகுப்பு! கடைசியாக ஒன்று சொன்னார்: "எதிரி மாட்டிக்கிட்டான்னா, 'இது வெறும் ஒத்திகைதான், விடுங்க'ன்னு சொல்லுவான். நம்பாதீங்க." பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் காவலாளி இசக்கிப்பாண்டி அந்த நேரம் பார்த்துக் கண் விழித்தான். அவன் காதில் விழுந்த பாடம் அது ஒன்றுதான்.

"ஒத்திகை என்னைக்கு?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்ல மாட்டேன்யா. எதிரி நல்ல நாள் பார்த்து வருவான். நாம அசந்திருக்கிற நாள்."

அவர் பார்த்த நல்ல நாள் ஆயுத பூஜை.

எங்கள் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு குறை இருக்காது. ஸ்பானர், கையுறை, டார்ச், காவலாளிகளின் லத்தி, வாக்கிடாக்கி, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, கண்ட்ரோல் ரூமுக்குள் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவோம். மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு திருப்புளியை எவனும் தொட நான் விட்டதில்லை. மிச்சமிருக்கும் சாமான்களுக்குச் சந்தனம், குங்குமம். கண்ட்ரோல் ரூம் கதவில் கைரேகை வைத்துத் திறக்கிற பெட்டி ஒன்று புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். புது ஆயுதம் இல்லையா? அதற்குக் கைநிறைய அப்பினேன். அந்தக் கதவுக்கு ஒரு மாற்றுச் சாவி உண்டு. அதையும் அம்பாள் காலடியில் வைத்தேன்.

"அண்ணாச்சி, சாவிய உள்ள வச்சா வெளியே இருந்து எப்படித் திறக்க?" என்றாள் மங்கையர்க்கரசி. எங்கள் இன்ஜினியர். சின்னப் பெண். எதற்கும் ஒரு கேள்வி.

"கதவைப் பூட்டுனாத்தானேம்மா திறக்க?"

பெரிய பூசணிக்காய் ஒன்று திருஷ்டி கழிக்க வந்திருந்தது. அதை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். கதவு திறந்தே நின்றது. பிரச்சினை தீர்ந்தது.

காலையிலேயே கம்ப்யூட்டருக்கு ஒரு வாழ்த்து வந்திருந்தது. வீணையோடு சரஸ்வதி. கீழே, 'அருள் பெற இங்கே தொடவும்.' தொட்டேன். தொடாமல் இருக்க நான் என்ன நாத்திகனா? தொட்டதும் எல்லாத் திரையிலும் அம்பாள் வந்து உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் அசையவில்லை. பூஜையன்று இப்படி ஒரு காட்சி! கற்பூரம் காட்டினேன்.

மங்கையர்க்கரசிக்கு முகம் வெளிறிவிட்டது. "அண்ணாச்சி, ஒரு ஸ்க்ரீனும் நகர மாட்டேங்கு. யாரு எதைத் தொட்டா?"

"இன்னைக்கு ஆயுதத்துக்கு லீவு. நகராட்டி என்ன?"

"காத்துக்கு லீவு இல்லையே அண்ணாச்சி. சென்னைக்குச் சொல்லணும்."

"முதல்ல எல்லாருக்கும் பொரியும் சுண்டலும் குடு. சென்னை எங்கயும் ஓடிராது."

அனுப்பிவிட்டேன். அந்தச் சரஸ்வதி படத்தை அனுப்பியவர் நவநீதன் என்று பிறகுதான் தெரிந்தது. அவருடைய சைபர் தாக்குதலாம். தம்பி, நீங்களே சொல்லுங்கள். சாமி படத்தைத் தொட்டவன் மேல் தப்பா, சாமி படத்தை வைத்து ஏமாற்றினவர் மேல் தப்பா?

மதியம் ஓர் ஆள் வந்தான். நடுத்தர வயது, நல்ல உயரம், கரகரப்பான குரல். வண்டி பஞ்சர், குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றான். பூஜை நாளில் வாசலுக்கு வந்தவனைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. இசக்கிப்பாண்டி நேரே கண்ட்ரோல் ரூமுக்கே கூட்டிவந்துவிட்டான். நான் அவன் நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். சுண்டல் கொடுத்தேன். உட்காரச் சொன்னேன்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. கேள்வி கேட்பவனுக்குப் பதில் சொல்ல எனக்கு எரிச்சல் வரும். சும்மா இருப்பவனிடம் நாலு வார்த்தை சொல்லலாம். சுவரோரம் இருக்கிற பழைய பலகையிடம் அவனைக் கூட்டிப்போனேன்.

"திரையெல்லாம் பொம்மை வே. உயிர் இங்க இருக்கு. இந்தக் கைப்பிடிய இடப்பக்கம் திருப்புனா மேற்கு வரிசை நின்னுரும். இது கிழக்கு வரிசைக்கு. நடுவுல இருக்கதைத் தொட்டுராதேயும், மொத்தமும் போயிரும். எங்க, கையக் குடும். இப்படிப் பிடிக்கணும். அழுத்தித் திருப்பணும். பொத்துனாப்புல திருப்புனா விழாது."

"சரிங்க" என்றான்.

கதவைப் பற்றியும் சொன்னேன். கைரேகைப் பெட்டியில் சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது, சாவி அம்பாள் காலடியில், பூசணிக்காயை எடுத்தால் எந்தக் கொம்பனும் உள்ளே வர முடியாது, அவ்வளவு பாதுகாப்பு என்றேன்.

"நல்ல ஏற்பாடுங்க" என்றான். மரியாதை தெரிந்தவன்.

சங்கு ஊதியது. ஒலிபெருக்கியில் நவநீதன் குரல். "எச்சரிக்கை! நிலையத்துக்குள் எதிரி புகுந்துவிட்டான்!"

நான் எழுந்தேன். கண்ட்ரோல் ரூமில் ஓர் ஆள் இருக்க வேண்டும், தெரியும். ஓர் ஆள்தான் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தானே! "நீரு இங்கனயே இரும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தேன். எதிரியை என் கையால் பிடித்தால் ஒரு வருஷம் என்ன, சாகும்வரை கொடுப்பார் முதலாளி. அவர் சென்னையில் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார்.

லத்தி இல்லை. பூஜையில் இருக்கிறது. டார்ச், வாக்கிடாக்கி, ஒன்றும் இல்லை. காவலாளிகள் வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு எங்கள் ஆள் யார், வேற்றாள் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். எங்கள் ஆட்கள் எல்லோர் நெற்றியிலும் என் கையால் பூசின திருநீறு இருக்கும். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் ஒருவன் பதுங்கி நின்றான். காதில் ஏதோ கருவி. நெற்றி வழவழவென்று சுத்தம்.

"பிடிலே அவனை!" என்றேன்.

விழுந்து பிடித்தார்கள். தோரணக் கயிற்றை மாவிலையோடு அறுத்துக் கட்டினார்கள்.

"யோவ், நான் நவநீதன்யா! இது ஒத்திகை! விடுங்க!"

இசக்கிப்பாண்டி கண்கள் பளிச்சென்று மின்னின. "அண்ணாச்சி, அந்தச் சார் சொன்ன மாதிரியே சொல்லுதான்!"

"நான்தான்யா அந்தச் சார்!"

"அதையும் சொல்லுவான்" என்று வாயில் துண்டை வைத்துக் கட்டிவிட்டான். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒத்திகை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். கேட் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தோம். கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

திரும்பி வந்தால், கண்ட்ரோல் ரூமுக்கு வெளியே வராந்தாவில் பூசணிக்காய் கிடக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் நாற்காலியில், அந்தத் தண்ணீர் கேட்ட ஆள். காலால் பூசணிக்காயைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அப்போதுதான் புரிந்தது. எதிரியாக நடிக்க நவநீதன் கூட்டிவந்த ஆள் அவன்தான். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இன்று வரை புரியவில்லை தம்பி. கதவு விவரம், சாவி விவரம் எல்லாம் அவனுக்கு எப்படித் தெரிந்தது? உள்ளாள் எவனோ சொல்லியிருக்கிறான். இசக்கிப்பாண்டி மேல் எனக்கு ஒரு கண்.

அந்த நேரம் பார்த்து உள்ளே போன் அடித்தது.

மேஜையில் சிவப்புப் போன் ஒன்று உண்டு. லோடு சென்டரிலிருந்து மட்டும்தான் அதில் வரும். மாநிலம் முழுக்க எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடலாம் என்று பார்க்கிறவர்கள் அவர்கள். குறை என்றால் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் அவர்களே நம்மை மொத்தமாக வெட்டிவிடுவார்கள். வெட்டினால் அத்தனை காற்றாடியும் நிற்கும். முதலாளி கண் முன்னால். அதோடு என் கதையும் முடியும்.

"இதுவும் ஒத்திகைதான், அடிக்கட்டும்" என்றான் ஒருவன்.

"இல்ல, இது நிஜம்" என்றாள் மங்கையர்க்கரசி. "வெளியே காத்தப் பாருங்க."

பார்த்தேன். சீசனின் கடைசிக் காற்று, பேய் மாதிரி. இறக்கைகள் எல்லாம் கிறுகிறுவென்று சுற்றுகின்றன. கதவுக்கு ஓடினேன்.

பெட்டியில் கட்டை விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. என் விரலிலும் சந்தனம், பெட்டியிலும் சந்தனம். அவள் பேனாவால் சுரண்டினாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அதுவரை மினுங்கிக்கொண்டிருந்த விளக்கும் அணைந்துவிட்டது.

கண்ணாடியைத் தட்டினாள். "அண்ணே, கதவைத் திறங்க! நிஜமாவே அவசரம்!"

அவன் தலையை ஆட்டினான். கண்ணாடிக்கு அடியில் பேசுவதற்கு ஒரு துவாரம் உண்டு. அதில் குனிந்து சொன்னான். "இப்படித்தான் கேப்பிங்கன்னு சார் சொன்னாரு. அவரே வந்து சொன்னாத்தான் திறப்பேன்."

"சார் எங்க?" என்று அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் கேட்டைப் பார்த்தோம். இசக்கிப்பாண்டி அவிழ்த்துவிட ஓடினான். முடிச்சுப் போட்டவன் அவன். அவன் முடிச்சு சீக்கிரம் அவிழாது.

மங்கையர்க்கரசி பூசணிக்காயைத் தூக்கினாள். கண்ணாடியில் எறியப்போகிறாள்!

நான் குறுக்கே நின்றேன். "பூஜையன்னைக்குக் கண்ணாடி உடையக் கூடாதும்மா!"

"அண்ணாச்சி, வழிய விடுங்க. இல்ல உங்க தலையில உடைப்பேன்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் மரியாதை இல்லை.

போன் நிற்கவே இல்லை. அந்த ஆள் அதைப் பார்க்கிறான், எங்களைப் பார்க்கிறான். மணி அடித்தால் எடுக்கிற குணம் மனுஷனுக்கு. எடுத்துவிட்டான். அந்தப் போன் ஸ்பீக்கர் போட்டது போலக் கத்தும். வராந்தா வரைக்கும் கேட்டது.

"லோடு சென்டர்! எவ்வளவு நேரமா அடிக்கிறது? உடனே பாதியாக் குறைங்க! லைன் தாங்காது! யார் பேசறது?"

"நான் இங்க வேலை பாக்கிறவன் இல்லைங்க."

"பின்ன யாரு?"

"நாசவேலை செய்ய வந்தவன்."

 அந்தப் பக்கத்து ஆள் ஒரே மூச்சில் கத்தினார். "எவனா இருந்தா என்னய்யா, கை இருக்கில்ல? குறை! இல்லன்னா வெட்டிடுவேன்!"

அவன் எழுந்து பழைய பலகை முன்னால் போய் நின்றான்.

"தொடாதேயும்!" என்று நான் கத்தினேன்.

"தொடுங்க!" என்று அவள் கத்தினாள்.

அவன் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. நடுவில் இருந்ததை விட்டுக் கையை விலக்கினான். மேற்கு வரிசைக் கைப்பிடியைப் பிடித்தான். அழுத்தினான். இடப்பக்கம் திருப்பினான்.

டமார் என்று பிரேக்கர் விழுந்தது. மேற்கே பார்த்தோம். சுற்றிக்கொண்டிருந்த இறக்கைகள் மெல்ல மெல்ல அடங்கின. கிழக்கு வரிசை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கொறைச்சாச்சுங்க" என்றான் போனில்.

"பேரு சொல்லுங்க, பதியணும்."

அவன் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு ஏதோ சொன்னான். காற்றில் எனக்குக் கேட்கவில்லை.

நவநீதன் வந்து சேர்ந்தார். கழுத்தில் மாவிலைத் தோரணம்.  கையை மட்டும் காட்டினார். கதவு திறந்தது. அதற்குள் சுவர் ஸ்பீக்கரில் முதலாளி குரல்.

"யாருய்யா குறைச்சது?"

எல்லோரும் அந்த ஆளைக் காட்டினோம்.

"உனக்கு இந்த வேலை தெரியுமா?"

"தெரியாதுங்க. இந்தப் பெரியவரு கையப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு. நான் தண்ணிதான் கேட்டேன்."

 நவநீதன் தலையில் கை வைத்துக்கொண்டார். மங்கையர்க்கரசி திரும்பி நின்றாள், தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்னவோ. பயந்த பெண்.

"அண்ணாச்சி" என்றார் முதலாளி. "நீங்க சொல்லிக் குடுத்தா நாசவேலைக்காரன்கூடத் தொழில் கத்துக்கிறான். இன்னும் ஒரு வருஷம் இருங்க. புதுசா வர்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுங்க. ஆனா கதவுக்கு வெளியே. வராந்தாவுல."

வராந்தாவில் நல்ல காற்று. உள்ளே ஏசி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, முதலாளிக்கு அது தெரிந்திருக்கிறது. என் நாற்காலியில் இப்போது மங்கையர்க்கரசி. சம்சாரம் சுடலைக்குக் கிடா வெட்டினாள்.

அப்புறம் லோடு சென்டர்காரர்கள் திருநெல்வேலியில் ஒரு விழா வைத்தார்கள். ஆபத்து நேரத்தில் சொன்னபடி குறைத்து லைனைக் காப்பாற்றியவருக்குச் சால்வை. எங்கள் நிலையத்தின் பெயரை மைக்கில் சொன்னதும் நான் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். சொல்லிக்கொடுத்தவன் நான்தானே! கூப்பிட்டது வேறு பெயர். பின்வரிசையிலிருந்து அந்த ஆள் எழுந்து வந்தான்.

இறங்கிக்கொள்கிறேன், என் நிறுத்தம் வந்துவிட்டது. அவன் பெயரா? மணப்பாட்டுக்காரன். ஊரில் வருஷா வருஷம் ஈஸ்டருக்குப் போடுகிற பாஸ்கு நாடகத்தில், காட்டிக்கொடுக்கிற யூதாஸ் வேஷம் கட்டுகிறவன். ரெமிஜியுஸ் மச்சாடோ.